போலந்தில் பதினோரு ஊர்

அத்தியாயம் ஆறு

ஐஸ் பெட்டிக்குள் சுந்தரபாண்டியன் படுத்திருந்தார். கண்ணாடி மூடியின் மேல் ஒரு ரோஜா மாலை. பெட்டியின் மோட்டார் சத்தத்தைத் தவிர அந்த வீட்டில் வேறு சத்தம் இல்லை. அழ வேண்டியவர்கள் நேற்றே அழுது முடித்திருந்தார்கள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துரணும்," என்றார் இறந்தவரின் தம்பி மகாராஜா. "மகன் வரலைன்னா கொள்ளிய நான் வைக்கேன். ஊர்ல நடக்காததா?"

அவர் சொன்னது ஜெயசித்ராவிடம். போலீஸ் வேலையை விட்டுவிட்டு, தென்காசியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் அவள். பக்கத்தில் அவளுடைய உதவியாளன் சங்கிலிப்பாண்டி நின்றான். வாசுதேவநல்லூர்க்காரன். செருப்பைக் கழற்றும்போதுகூடப் பேசிக்கொண்டே கழற்றுகிறவன், கேத வீடு என்பதால் வாயைக் கட்டியிருந்தான்.

அவர்களை வரவழைத்தவள் இறந்தவரின் மருமகள் சுகந்தி. கண்ணில் ஈரம் இல்லை. கரண்ட் ஆபீஸில் மீட்டர் கணக்குச் சொல்லுகிறவளைப் போல ஒரே சீராகச் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் பேரு மந்திரமூர்த்தி. போலந்துக்கு வேலைக்குப் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. போன்ல பேச மாட்டாக, மெசேஜ்தான். வேலை நேரத்துல போனை வாங்கி வச்சுருவாங்களாம். நேத்து காலையில மாமா குற்றாலத்துக்குக் கிளம்பணும்னு சட்டை மாட்டுனாக. நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்தாக, அவ்வளவுதான். ராத்திரி இவுகளுக்கு மெசேஜ் போட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பதில் இல்லை. கூப்பிட்டா எடுக்கல."

"அனுப்பி வச்ச ஏஜென்ட்?"

"அந்த நம்பரே உபயோகத்துல இல்லைங்குது."

"போலந்துல எந்த ஊர்?"

சுகந்தி தன் போனை நீட்டினாள். "பதினோரு ஊர் சொல்லியிருக்காக. மாத்தி மாத்திப் போடுதாங்களாம். இப்ப எங்கன இருக்காகன்னு கண்டுபிடிச்சு, வருவாகளா மாட்டாகளான்னு கேட்டுச் சொல்லுங்க. மூர்த்திதான் எனக்குக் கொள்ளி வைக்கணும்னு மாமா சொல்லிட்டே இருப்பாக. வேற ஒண்ணும் வேண்டாம்."

ஜெயசித்ரா ஒவ்வொரு செய்தியாகப் படித்தாள். சங்கிலிப்பாண்டி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

'இப்ப இருக்கிறது டொம்ப்ரோவா. ஓக் மரத் தோப்புன்னு அர்த்தம்.'

'நோவா வியெஷ்ஷுக்கு மாத்திட்டாங்க. புது ஊர்னு அர்த்தம். இந்தப் பேர்ல இங்க ஏகப்பட்ட ஊர்.'

"அப்ப புதூரு," என்று சங்கிலிப்பாண்டி அடக்க முடியாமல் முணுமுணுத்தான். "நம்ம பக்கமும் கால் தடுக்கி விழுந்தா ஏதாவது ஒரு புதூர்லதான் விழணும்."

'ப்ஸாரி. அந்தக் காலத்து ராஜாவோட வேட்டை நாய்களை வளர்த்தவங்க ஊர். பக்கத்துல கோவாலெ, அது கொல்லர்கள் ஊர். ஷ்வினியாரின்னா பன்றி வளர்த்தவங்க. பார்தோஜியே, காட்டு மரத்துல தேன் எடுத்தவங்க. ராஜா ஊருக்கு ஒரு வேலையாப் பிரிச்சுக் கொடுத்திருக்கார். வேலையே ஊருக்குப் பேராயிருச்சு.'

"சும்மா இருக்கிறவங்களுக்குன்னு ராஜா ஒரு ஊர் கொடுக்கலையாக்கா? நான் விசா எடுத்துருவேன்."

ஜெயசித்ரா திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாய் மறுபடி மூடியது.

கடைசிச் செய்தி போன வியாழக்கிழமை வந்திருந்தது. 'இப்ப வோலா. புதுசா குடியேறினவங்களுக்குச் சில வருஷம் வரி கிடையாதுன்னு விட்டுவச்ச ஊர். எனக்கும் இன்னும் கொஞ்சம் டைம் கொடு சுகந்தி.'

"உங்க மாமா போனைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

சுகந்தி உள்ளே போய் எடுத்து வந்தாள். கட்டில் தலைமாட்டில் அந்தப் போனும், பாதி தீர்ந்த ஒரு மூலிகை எண்ணெய்ப் பாட்டிலும் இருந்ததை ஜெயசித்ரா வாசலிலிருந்தே பார்த்தாள்.

"மாமாவுக்கு முட்டிவலி. செவ்வாய்க்கிழமையானா குற்றாலம் போயி எண்ணெய் போட்டுக் குளிச்சுட்டு வருவாக. மத்த நாளெல்லாம் இந்தப் போனைத்தான் நோண்டிட்டுக் கிடப்பாக."

ஜெயசித்ரா அந்தப் போனில் எதையோ மேலும் கீழும் தள்ளித் தள்ளி நெடுநேரம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

* * *

தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'பணி நிமித்தம் போலந்து நாடு செல்லும் எங்கள் மந்திரமூர்த்தியை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' முகம் மந்திரமூர்த்தியுடையது. கழுத்துக்குக் கீழே இருந்த கோட்டும் டையும் கம்ப்யூட்டரில் ஒட்டியவை. கீழ் மூலையில் சின்னதாக, கும்பிட்டபடி சுந்தரபாண்டியன். ஒரு வருட வெயிலும் சாரலும் அதை ஒன்றும் செய்யவில்லை.

அதற்கு எதிரே இருந்த டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, தூதரகத்துக்குப் போன் போட்டு வோலாங்கிற ஊர்னு சொல்லிருவோமா?"

"வோலான்னு பேர் வர்ற ஊர் அங்க நூத்துக்கணக்குல இருக்குலே."

"அப்ப ஒவ்வொரு வோலாவா போயி விசாரிக்கணும். எங்கிட்ட பாஸ்போர்ட்டே கிடையாது."

"வேண்டாம். இதுக்குப் பதில் சொல்லு. உங்க ஊருக்குக் கடைசி பஸ் எப்போ?"

"பத்து மணி வண்டி," என்றான் சங்கிலிப்பாண்டி, டீ கிளாஸை வாயிலிருந்து எடுக்காமலே. "ஆனா டிரைவர் அண்ணாச்சிக்குத் தூக்கம் வந்துட்டா முன்னாடியே எடுத்துருவாரு. கடையநல்லூர்ல கூட்டம் ஏறும். புளியங்குடியில டீக்கு நிப்பாட்டுவாரு. அங்கன வடை வாங்கப்படாது, காலையில போட்டது."

"உங்க ஊருக்கு அந்தப் பேரு ஏன் வந்துச்சு?"

சங்கிலிப்பாண்டி கிளாஸைக் கீழே வைத்தான். "அது... போர்டுல போட்டிருக்கு. ஏன்னு யாரு கேட்டா? பொறந்ததுல இருந்து குடியிருக்கேன், தேவைப்படலியே."

"அதான். குடியிருக்கிறவனுக்கு பஸ் தெரியும், வடை தெரியும். மந்திரமூர்த்தி பதினோரு ஊருக்கு அர்த்தம் எழுதியிருக்கார். ஒரு ஊர்லகூட பஸ் இல்லை. ரொட்டிக் கடை இல்லை. சூப்பர்வைசர் திட்டினது இல்லை. இது ஊரைப் பார்த்தவர் எழுதினது இல்லைலே, படிச்சவர் எழுதினது."

"போலந்துக்கே போகலைங்கிறியளா?"

"போகலை. எங்க இருக்கார்ங்கிறதையும் அவரே சொல்லியிருக்கார். மெசேஜ் வந்த தேதிகளைப் பாரு. கார்த்திகை மார்கழியில ஒண்ணுகூடக் கிடையாது. பங்குனி சித்திரையில தினம் ஒண்ணு. ஆனி ஆடியில மட்டும் விட்டு விட்டு வந்திருக்கு."

சங்கிலிப்பாண்டி நெற்றியைச் சொறிந்தான். "கார்த்திகை மார்கழியில அவ்வளவு வேலையா? போலந்துல எந்தக் கம்பெனியில ஐயப்பன் சீசனுக்கு ஓவர்டைம் பாக்காங்க?"

சொல்லிவிட்டு, நெற்றியைச் சொறிந்த கையை இறக்கினான்.

ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குளித்துவிட்டுப் போகிற ஊர், தென்காசியிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில்தான் இருந்தது. பங்குனி சித்திரையில் அங்கே அருவி காய்ந்து வெறும் பாறை தெரியும். ஆனி ஆடியில் சாரல்.

"குற்றாலம்!"

"சத்தம் போடாத. உன் போனை எடு. தினம் விடிஞ்சதும் சொந்தக்காரங்களுக்கெல்லாம் அருவி நிலவரம் அனுப்புவியே?"

"மச்சான் கேப்பாருக்கா. தண்ணி விழுதா, குளிக்க விடுதாங்களான்னு."

"ஆனி ஆடியில மெசேஜ் வந்த நாள் ஒவ்வொண்ணுலயும் நீ என்ன அனுப்பியிருக்கன்னு பாரு."

சங்கிலிப்பாண்டி பார்த்தான். விரல் மெதுவாக நகர்ந்தது. "வெள்ளம். குளிக்கத் தடை... இதுவும் தடை... இதுவும். இந்தா, போன வியாழக்கிழமையும் தடை." ஒரு இடத்தில் விரல் நின்றது. "ஆனா இங்கன ஒரு நாள் மெயின் அருவியில தடை, மெசேஜ் வரலியே?"

"அன்னைக்கு ஐந்தருவியில?"

"அனுமதி." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஐந்தருவியில குளிக்க விட்டா அவருக்கு வேலை இருக்கு. விடலைன்னா பொண்டாட்டி ஞாபகம் வந்துருது."

"வண்டியை எடு."

* * *

ஐந்தருவிக்குப் போகும் வழியெல்லாம் சாரல் அடித்தது. பலாப்பழம், நேந்திரம் சிப்ஸ், குளிர்ந்துபோன பஜ்ஜி. கார்களுக்கு நடுவில் ஈரத் துண்டோடு மனிதர்கள். இடது பக்கம் வரிசையாக எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பாய் விரித்திருந்தார்கள். ஜட்டியோடு குப்புறப் படுத்திருந்த உடம்புகளின் மேல் கைகள் சளக் சளக் என்று விழுந்தன.

சங்கிலிப்பாண்டி ஃப்ளெக்ஸை எடுத்த போட்டோவைப் போனில் தயாராக வைத்திருந்தான்.

"அது வேண்டாம். இங்க அவர் கோட்டுப் போட்டுக்கிட்டு இருக்க மாட்டார்," என்றாள் ஜெயசித்ரா. அவள் தன் போனில் எடுத்துக் காட்டியது சுந்தரபாண்டியனின் படம்.

"அக்கா, நாம தேடுறது மகனை."

"தெரியும்."

எண்ணெய்ப் பாட்டில்களும் சோப்பும் விற்கும் கடையில் இருந்த முகம்மது சலீம் அந்தப் படத்தைப் பார்த்ததும் தலையாட்டினார்.

"நம்ம செவ்வாய்க்கிழமை அண்ணாச்சில்லா! முட்டிவலிக்காரர். நேத்து ஆளைக் காணோமே?"

"யாருகிட்ட எண்ணெய் போட்டுக்குவார்?"

"கடைசிப் பாய், மூர்த்திட்ட. வேற யார் கூப்பிட்டாலும் போவ மாட்டாரு. அவன் தேய்ப்பான், இவர் போனைப் பார்த்து என்னமோ வாசிச்சுட்டே கிடப்பாரு." சலீம் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு அவனுக்கு என்னமோ ஆயிட்டும்மா. கூட்டம் இவ்வளவு இருக்கு, பாயை விரிக்கலை. காலையில போயி அருவிக்குள்ள நின்னவன் இன்னும் வெளிய வரலை. போலீஸ்காரர் ரெண்டு தடவை விசில் அடிச்சுப் பார்த்துட்டாரு."

ஆண்கள் குளிக்கும் பக்கத்தை ஜெயசித்ரா பார்த்தாள். பிறகு சங்கிலிப்பாண்டியைப் பார்த்தாள்.

"அக்கா, இது நேத்து அயர்ன் பண்ணுன சட்டை."

"போ."

தண்ணீர் தலையில் கல்லாக விழுந்தது. பாறையோடு ஒட்டி ஒருவன் நின்றிருந்தான். தாடி வளர்ந்து, உதடு வெளுத்து, விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை. சங்கிலிப்பாண்டி அவன் காதருகே கத்த வேண்டியிருந்தது.

"மூர்த்தி அண்ணே! சுகந்தி மதினி அனுப்புனாக!"

அவன் திடுக்கிடவில்லை. "கேதம் கேட்டா குளிக்கணும்லா," என்றான். "குளிச்சுட்டு இருக்கேன்."

"காலையில இருந்தா?"

"முடிஞ்சுதான்னு தெரியலை."

சங்கிலிப்பாண்டி முகத்துத் தண்ணீரை வழித்தான். கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான்.

* * *

சலீமின் கடைத் தார்ப்பாய்க்கு அடியில் மந்திரமூர்த்தி உட்கார்ந்தான். கொடுத்த டீயைக் கையில் வைத்திருந்தானே தவிரக் குடிக்கவில்லை.

"கொச்சி ஏர்போர்ட்ல திருப்பி அனுப்பிட்டாங்க. விசா பொய்யாம். ஏஜென்ட் போன் எடுக்கல. வீட்டுக்குத்தான் வந்தேன். தெருமுனையில அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். என் முகம் என்னையே பார்த்துச்சு. அதைத் தாண்டி உள்ள போக முடியலை. நடந்தேன், கால் இங்கன கொண்டுவந்து விட்டுட்டு."

"அப்பா எப்படிக் கண்டுபிடிச்சார்?" என்று கேட்டாள் ஜெயசித்ரா.

"அவுக தேடிக் கண்டுபிடிக்கல. முட்டிவலின்னு வந்தாக. குப்புறப் படுத்திருந்த ஆளு அப்பான்னு எனக்கும் தெரியலை. என் கை முதுகுல பட்டதும், 'ஏலே, நகம் வெட்ட மாட்டியா'ன்னாக. திரும்பிக்கூடப் பார்க்கல."

ஜெயசித்ரா தன் ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"அதுக்கப்புறம் ஊர்ப் பேரையெல்லாம் அவர்தான் வாசிச்சுக் கொடுத்தார். இல்லையா?"

மந்திரமூர்த்தி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"வோலாவைப் பத்தி உங்க அப்பா போன்ல தேடினது செவ்வாய்க்கிழமை. உங்க மெசேஜ் சுகந்திக்கு வந்தது வியாழக்கிழமை. மகன் எழுதினதை அப்பா தேடிப் பார்த்திருந்தா தேதி பின்னாடி இருக்கணும். கடைசியா வந்த நாலு ஊருக்கும் தேதி முன்னாடியே இருக்கு."

"அப்ப அங்கயே தெரியுமாக்கா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே!" என்றான் சங்கிலிப்பாண்டி, சட்டையைப் பிழிந்துகொண்டே.

"சொல்லியிருந்தா வழியெல்லாம் பேசியிருப்ப."

"அவளுக்கு என்ன எழுதன்னு எனக்குத் தெரியலை," என்றான் மந்திரமூர்த்தி. "பாக்காத ஊரைப் பத்தி என்ன எழுத? 'நான் படிச்சுட்டு வாரேன்லே'ன்னாக அப்பா. வாரம் ஒரு ஊர் படிச்சுட்டு வருவாக. நாய் வளர்த்தவங்க ஊர், தேன் எடுத்தவங்க ஊர்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. நாட்டுக்கே ராஜான்னாலும் ஊருக்குப் பேரு வேலைக்காரன் பேருதான்லேம்பாக. சுகந்திட்ட சொல்லட்டுமான்னு கேட்டாக. நான்தான் வேண்டாம்னேன். சரி, அந்த ஃப்ளெக்ஸ் கிழிஞ்சதும் நீயே வந்துருன்னாக."

"அது கிழியாதுண்ணே," என்றான் சங்கிலிப்பாண்டி மெதுவாக. "கயிறுகூடத் தளரலை."

"அப்பாவும் அதான் சொன்னாக. நல்ல ஃப்ளெக்ஸா போடச் சொன்னது தப்பாப் போச்சுன்னு." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "போன வாரம் வோலாவை வாசிச்சாக. காட்டை வெட்டி ஊராக்க ஆள் வேணும். புதுசா குடியேறினவனைக் கொஞ்ச வருஷம் ஒண்ணும் கேக்காம விட்டிருக்காங்க. 'உனக்கும் அப்படித்தான்னு வச்சுக்கலே'ன்னாக. நேத்து பாயை விரிச்சுட்டு உக்காந்திருந்தேன். வரலை. சாரல் கூடிட்டு, அதான் வரலைன்னு நினைச்சேன்."

ஜெயசித்ரா மணியைப் பார்த்தாள். இரண்டரை தாண்டியிருந்தது.

"உங்க சித்தப்பா நாலு மணிக்கு எடுக்கணும்கிறார். நீங்க இல்லைன்னா அவர் கொள்ளி வைப்பார்."

"அண்ணே, ஒரு யோசனை," என்றான் சங்கிலிப்பாண்டி. "ஒரு கார் பிடிப்போம். சலீம் அண்ணாச்சிட்ட பெட்டி ஒண்ணு வாங்குவோம். நல்ல சட்டை போட்டுக்கிடுங்க. திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல இறங்கி நேரா வாரியன்னு சொல்லிருவோம். கேத வீட்ல டிக்கெட்டையா கேப்பான்?"

மந்திரமூர்த்தி யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஜெயசித்ராவைப் பார்த்தான். அவள் உதவவில்லை.

"ஆளைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை," என்றாள். "எங்கிருந்து வந்தார்னு உங்க வீட்ல நான் சொல்லப்போறது இல்லை. அதை நீங்க சொல்லுங்க."

அவன் டீயைக் கீழே வைத்தான். கடைசிப் பாயைச் சுருட்டி சலீமிடம் கொடுத்தான். ஈர லுங்கியோடு வந்து பைக்கில் இருவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டான்.

* * *

தெருமுனையில் வண்டி திரும்பும்போது மந்திரமூர்த்தி ஃப்ளெக்ஸைப் பார்த்தான். இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவானோ என்று சங்கிலிப்பாண்டி வேகத்தைக் குறைக்காமலே போனான்.

வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஐஸ் பெட்டியின் மோட்டாரை நிறுத்தி மூடியைத் திறந்திருந்தார்கள். குளிப்பாட்டுவதற்கு முன் சொந்தக்காரர்கள் தலையில் எண்ணெய் வைக்கக் கூடியிருந்தார்கள். தாடியும் ஈர லுங்கியுமாக உள்ளே வந்தவனை முதலில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகு எல்லோரும் மகாராஜாவைப் பார்த்தார்கள்.

மகாராஜாதான் கேட்டார். "எந்த பிளேன்லலே வந்தே? பெட்டி எங்க?"

"நடந்து வாற தூரந்தான் சித்தப்பா," என்றான் மந்திரமூர்த்தி. "குற்றாலத்துல எண்ணெய் தேய்க்கேன். போலந்துக்கு நான் போகவே இல்லை."

யாரோ ஒரு பெண் வாயில் சேலை முந்தானையை வைத்தாள். மகாராஜா துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடி எடுத்து உதறினார்.

சுகந்தி எழுந்து அவன் அருகில் வந்தாள். அடிப்பாள் என்று சிலர் நினைத்தார்கள். அவள் அவனுடைய வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை முகத்தருகே கொண்டுபோனாள். காலையிலிருந்து அருவியில் நின்றும் அந்த மூலிகை எண்ணெய் வாசனை அதை விட்டுப் போகவில்லை.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமா மேல வீசுற வாசனை," என்றாள். "சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் மோந்திருக்கேன்."

அவ்வளவுதான். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. அது அவள் முகத்தில் ஒரு ஓரமாக, பிறகு எடுத்துக்கொள்ள வைத்த சாமான் போல இருந்தது. உள்ளே போய்க் கட்டில் தலைமாட்டில் இருந்த பாட்டிலை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"எண்ணெய் வையுங்க. நாழியாகுது."

மந்திரமூர்த்தி அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டான். பாட்டிலைச் சரித்து உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றினான். தலைமாட்டில் இருந்தவர்கள் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

அவன் தலைப்பக்கம் போகவில்லை. வேட்டியைச் சற்று ஒதுக்கி, வழக்கம்போல் வலது முட்டியில் தொடங்கினான்.